பனல் பெட்டியில் யாகப்பர்

குருநகர்
12.01.2025

என் அன்புத் தம்பி லெனாட்,

ஐம்பத்துநாலு வயதில் அக்காவைப் பேனை பிடிக்க வைத்துவிட்டாய். அதற்கு முதலில் உன் தலையில் ஒரு குட்டு. நானும் உன் அத்தானும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். நீயும் உன் மனிசி வசந்தினியும் அந்தக் குளிருக்குள் கட்டிபட்டுப் போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கட்டிபட்டால் இங்கே அனுப்பிவிடு, எங்கள் ஐஸோடு சேர்த்து விற்கலாம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்துப் பிழை பார்க்காதே. போனில் குரல் பதிந்து அனுப்பினால் உன்னிடமிருந்து மறுமொழி இல்லை. "அக்கா, கடிதம் எழுதுங்கோ, எனக்கு அதுதான் விருப்பம்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறாய். பெரிய துரைதான். நத்தார்ப் பண்டிகைக்குப் போனில் கதைத்தபோதும் அப்படித்தான். மெலிந்துபோனாயா என்றேன், "ஓம் ஓம்" என்றாய். கொழுத்துப்போனாயா என்றேன், அதற்கும் "ஓம் ஓம்". கனடாவில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார், இந்த மனிசனை விட்டுவிட்டு வாறேன் என்றேன். "ஓம், நல்லது அக்கா" என்றாய். பக்கத்தில் நின்ற உன் அத்தானின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ அங்கே பக்ரறிகளுக்குக் கரண்ட் பனல் பெட்டி செய்கிறவன், உனக்கு ஏற்ற புதினம் ஒன்று இருக்கிறது. எங்கள் மீனவர் சங்கத்து ஐஸ் பக்ரறிக்குப் புது ரான்ஸ்போமர் வந்துவிட்டது. பழையது கம்பத்தில் தேன்கூடு மாதிரித் தொங்கியதே, இது ஆட்டுக்கொட்டில் அளவு. பனல் அறைக்குப் பின்சுவரோடு வைத்திருக்கிறார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். இப்போது கொம்பிறசர் இழுக்கத் தொடங்கும்போது பல்பு மங்குவதில்லை. படகுகள் ஐஸுக்குக் காத்து நிற்பதும் இல்லை. மெசினை ஓட்டுகிற உன் அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கரண்ட் இப்ப கடல் மாதிரி வருது" என்று கண்ட ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார்.

உடனே எழுது. இல்லையென்றால் போன் எடுத்துப் பாட்டுப் பாடுவேன்.

உன்னைத் தூக்கி வளர்த்து இடுப்பு நொந்த அக்கா
மக்டலீன்


ஸ்காபறோ
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். நாங்கள் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் வேண்டுகிறோம். இங்கே பனி முழங்கால் அளவு.

ஐஸ் பக்ரறி விசயம்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது. மூன்று விபரம் அறிந்து எழுதுங்கள். புது ரான்ஸ்போமரில் என்ன எண் போட்டிருக்கிறது? பனல் பெட்டி பழையதுதானா? அந்தப் பெட்டியின் கதவில் ஒரு தகடு இருக்கும், அதில் சோட் தாங்கும் அளவு என்ன?

ஏன் கேட்கிறேன் என்றால், மெசின் அன்றாடம் எடுக்கிற கரண்ட் அதேதான், அது கூடப்போவதில்லை. ஆனால் ஒருநாள் பெட்டிக்குள் கம்பியும் கம்பியும் முட்டிச் சோட் வந்தால், ரான்ஸ்போமர் தன்னால் முடிந்ததெல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். சின்ன ரான்ஸ்போமர் கொஞ்சம் தள்ளும், பெரியது கனக்கத் தள்ளும். அந்தத் தள்ளலைப் பெட்டி வெடிக்காமல் தாங்குமா என்பதைத்தான் தகட்டில் உள்ள எண் சொல்லும். அது ரான்ஸ்போமர் தள்ளுவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

காலையில் பெட்டியின் மெயின் சுவிச்சுக் கைபிடியைப் போடுவது அத்தான்தானா? எங்கே நின்று போடுகிறார் என்றும் எழுதுங்கள்.

பாட்டு வேண்டாம். கடிதம் போதும்.

தம்பி லெனாட்


குருநகர்
24.02.2025

அன்புத் தம்பி,

சுகம் விசாரிக்க இரண்டு வரி, பனல் பெட்டியை விசாரிக்க இரண்டு பந்தி. நான் அந்தப் பெட்டியாகப் பிறந்திருக்கலாம். பரவாயில்லை, பெட்டியும் சுகம், நானும் சுகம், உன் அத்தானுக்கு மட்டும் முழங்கால் வாதம்.

நீ சொன்னது எனக்கு விளங்கியது. ஆழமில்லாத பண்ணைக் கடலில் ஓடின வள்ளத்தை ஆழ்கடலுக்கு இறக்கியிருக்கிறோம். காற்று இல்லாத நாளில் இரண்டு கடலும் ஒன்றுதான், காற்று எழும்பினால்தான் தெரியும். சரியோ?

ரான்ஸ்போமரில் அறுநூற்று முப்பது என்று இருக்கிறதாம். பழையது நூறு. எங்கள் மின்வேலைக்காரன் றெஜி பார்த்துச் சொன்னான். பனல் பெட்டி அதே பழையதுதான். தகடுதான் சிக்கல். ஏனென்றால் அதன்மேல் யாகப்பர் குதிரையோடு நிற்கிறார்.

நீ போன பிறகு நடந்தது இது. ஒரு வருசம் கொம்பிறசர் சும்மா சும்மா நின்றுகொண்டிருந்தது. ஐஸ் இல்லாமல் மீன் பழுதாகி எல்லோரும் உன் அத்தானைத் திட்டினார்கள். இவர் போய்த் தன் பேருக்குரிய புனிதர் யாகப்பரின் பெரிய படம் ஒன்று வாங்கிவந்து, பனல் கதவின் நடுவில் பசை பூசி ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு மெசின் நிற்கவில்லை. வயர் ஒன்று தளர்ந்திருந்ததைத் தான் அதே கிழமைதான் இறுக்கினேன் என்று றெஜி சொல்வான். அதை இவருக்குச் சொல்லிப் பார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் பூசைதான். நேரே படத்துக்கு முன்னால் நிற்பார். யாகப்பரின் கண்ணைப் பார்த்துச் சிலுவை போடுவார். பிறகு அதே இடத்தில் நின்று அதே கையால் கைபிடியைத் தூக்குவார். எனக்கு ஒருநாள்கூட அப்படி முகம் பார்த்துக் காலை வணக்கம் சொன்னதில்லை.

படத்தைக் கழற்றச் சொன்னேன். "குதிரையிலை இருக்கிறவரை இறக்கச் சொல்லுறியோ" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். அதனால் இவர் கோயில் பூசைக்குப் போன நேரம் நானும் றெஜியும் ஈரத்துணி வைத்து மெதுவாக மூலையைக் கிளப்பினோம். குதிரையின் பின்னங்காலுக்குக் கீழே இருந்தது எண். ஐந்து. ஐந்து கிலோ அம்பியர் என்று றெஜி வாசித்தான். திரும்பவும் பசை பூசி ஒட்டிவிட்டோம். குதிரை கொஞ்சம் நொண்டுகிறது, இவர் இன்னும் கவனிக்கவில்லை.

அக்கா மக்டலீன்


ஸ்காபறோ
10.03.2025

அக்கா,

சுகம் கேட்டு எழுத இப்போது மனம் ஓடவில்லை, குறை நினையாதேங்கோ.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது ரான்ஸ்போமர் அவ்வளவு கிட்ட நின்றால், சோட் வரும்போது இருபது கிலோ அம்பியருக்கு மேல் தள்ளும். உங்கள் பெட்டி தாங்குவது ஐந்து. பழைய ரான்ஸ்போமருக்கு அது போதும், அதனால்தான் இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லை. இது யாருடைய பிழையும் இல்லை. ரான்ஸ்போமரை மாற்றும்போது பெட்டியையும் பார்க்க வேண்டும் என்று பல இடங்களில் மறந்துவிடுவார்கள். இங்கேயும்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பெட்டிக்கு முன்னால், சோட் வந்த கணத்திலேயே வெட்டிவிடுகிற பியூஸ் வைத்த தனிப் பெட்டி ஒன்று பூட்ட வேண்டும். உள்ளே இருக்கிற பெரிய பிறேக்கரையும் மாற்ற வேண்டும். எதற்கு எது பொருந்தும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன், றெஜியிடம் கொடுங்கள். வலை எவ்வளவு புதிதென்றாலும், நைந்த கண்ணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் மீன் போகும். பெட்டியும் அப்படித்தான். உள்ளே எது பலமில்லாததோ அதுதான் முழுப் பெட்டியின் பலமும்.

அதுவரை அத்தான் பெட்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. கதவு பூட்டியிருக்க வேண்டும். வலதுபக்கம் ஒதுங்கிச் சுவரோடு நின்று, முகத்தை மற்றப்பக்கம் திருப்பி, இடது கையால் கைபிடியைப் போட வேண்டும்.

கதவுதானே, பூட்டியிருக்கிறதுதானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதவு எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

லெனாட்


குருநகர்
30.03.2025

என் தம்பிக்கு,

நீ சுகம் கேட்காவிட்டாலும் நான் சொல்லுவேன்: சுகம். வெயில் கொளுத்துகிறது. ஐஸ் பக்ரறிக்குள் இருக்கிறதால் எனக்கு மட்டும் சொர்க்கம்.

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒதுங்கி நில், முகத்தைத் திருப்பு, இடக்கையால் போடு என்ற இடம் வந்ததும் மனிசன் எழும்பிவிட்டார்.

"யாகப்பருக்கு முகத்தைத் திருப்பச் சொல்லுறானோ உவன்? அதுவும் இடக்கையாலை? கனடாவுக்குப் போய் வேதத்தையும் விட்டிட்டானோ?"

நான் சமாதானம் சொன்னேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு வைக்காமலும் பார்த்தேன். அசையவில்லை. ஒருநாள் காலையில் ஒதுங்கி நிற்கிறார், மறுநாள் பார்த்தால் திரும்பவும் படத்துக்கு நேரே நிற்கிறார். கால் பழகின இடத்துக்குத்தானே போகும்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த மனிசனைத் திருப்ப ஏலாது, யாகப்பரைத் திருப்பலாம். றெஜியைக் கூப்பிட்டுப் படத்தைக் கிழியாமல் உரித்தெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து, பனலுக்கு வலதுபக்கச் சுவரில் மாட்டிவிட்டேன். கதவில் பசையோடு இருந்தவர் இப்போது சட்டத்துக்குள் ராசா மாதிரி இருக்கிறார். இவரால் குறை சொல்ல முடியவில்லை. யாகப்பரின் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு, முகத்தைத் திருப்பித்தான் நிற்க வேண்டும். வலது கை சிலுவை போடுகிறது. கைபிடிக்கு எட்டுவது இடது கைதான்.

இடக்கையா என்று முதல் நாள் முணுமுணுத்தார். "வலக்கை யாகப்பருக்கு, இடக்கை கரண்டுக்கு. ரெண்டுக்கும் ஒரே கையை நீட்டினால் அவருக்குத்தான் அவமரியாதை" என்றேன். அதுவும் சரிதான் என்றார்.

பியூஸ் பெட்டிக்குச் சங்கம் சம்மதித்துவிட்டது. கொழும்பில் இல்லையாம், வெளியிலிருந்து வர மாதக்கணக்காகுமாம்.

நான் ஒன்று கேட்க வேண்டும். கதவு எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்று எங்களுக்குத் தெரியாது என்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா


குருநகர்
04.05.2025

தம்பி லெனாட்,

உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது, உன் கடிதம் உயிர்க்கவில்லை. நாங்கள் சுகம். நீ சுகமா என்பதை இந்த முறை வாய்ப்பழக்கத்துக்குக் கேட்கவில்லை.

வசந்தினிக்குப் போன் எடுத்தேன். நீ வேலையில் நிற்கிறாய் என்றாள். இரண்டாம் முறை எடுத்தேன், நித்திரை என்றாள். மூன்றாம் முறை குளிக்கிறாய் என்றாள். இவ்வளவு குளித்தால் உன் நிறம் எவ்வளவோ வெளுத்திருக்க வேண்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது, பாவம்.

நான் அளவுக்கு மேல் பகிடி சொல்லிவிட்டேனா? கனடா மாப்பிள்ளைக் கதையில் கோபமா? கோபமென்றால் ஏசி எழுது. ஏச்சும் கடிதம்தானே.

பியூஸ் பெட்டி இன்னும் வரவில்லை. இவர் பக்கத்தில் நிற்கப் பழகிவிட்டார். இப்போது சட்டத்துக்குப் பூமாலையும் போடுகிறார்.

அக்கா மக்டலீன்


ஸ்காபறோ
16.05.2025

அன்புள்ள அக்கா,

மன்னியுங்கள். வேலை கொஞ்சம் கூடிவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை, உங்களோடு எனக்கு எப்படிக் கோபம் வரும்? இங்கே எல்லோரும் சுகம். குளிர் விட்டுவிட்டது.

படத்தை இடம் மாற்றினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் எவ்வளவோ பேருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிற்கிற ஆள் தானாகவே அங்கே போய் நிற்கிற மாதிரிச் செய்ய எனக்குத் தோன்றியதில்லை.

பியூஸ் வந்ததும் எழுதுங்கள். அத்தான் பக்கத்தில்தான் நிற்கிறாரா என்பதையும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள்.

தம்பி


குருநகர்
08.06.2025

என் தம்பி லெனாட்,

முதலில் இதைப் படி: உன் அத்தான் சுகம். இரண்டு கண்ணும் சுகம். முகம் சுகம். இனிக் கதிரையில் இருந்து மிச்சத்தைப் படி.

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் நான் வெளியில் கூடை கழுவிக்கொண்டிருந்தேன். பனல் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். சத்தம் என்று எழுதினால் அது சின்னச் சொல், நாங்கள் இந்த ஊரில் கேட்காத சத்தமா? ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு சத்தம். அறையின் யன்னலெல்லாம் வெள்ளையாக எரிந்தது. பிறகு பக்ரறி முழுக்க ஒரே அமைதி.

நான் ஓடினேன். யேசுவே என்றேனா, மனிசா என்றேனா, எனக்குத் தெரியாது. உள்ளே புகை. பனல் கதவு பிணைச்சல்களில் இல்லை. எதிர்ச் சுவரில் போய் அடித்து, சீமெந்தைப் பெயர்த்துக்கொண்டு கீழே கிடந்தது. அது போன பாதையில்தான் தம்பி, இவ்வளவு வருசமும் இவர் நின்று சிலுவை போட்டது.

இவர் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இடது கையில் மயிர் கருகி, புறங்கையில் ஒரு கொப்புளம். வலது கை நெஞ்சில் அப்படியே நிற்கிறது, சிலுவையில் பாதி போட்டபடி. முகத்துக்கு நேரே யாகப்பர், கண்ணாடிகூட வெடிக்கவில்லை. "மிச்சப் பாதியையும் போடுங்கோ" என்றேன். என்னை அறியாமல் வந்தது அது, பகிடிக்குச் சொல்லவில்லை. பிறகு நிலத்தில் இருந்து அழுதேன்.

பல்லி ஒன்று உள்ளே போய் இரண்டு கம்பிக்கு நடுவில் இருந்திருக்கிறது. பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்கள், இது சொல்லவில்லை, செய்தே காட்டிவிட்டது. பிறேக்கர் துண்டு துண்டாகக் கிடந்தது. ஐந்து தாங்குகிற பெட்டிக்கு இருபது வந்தால் இதுதான் என்று றெஜி சொன்னான். அந்தத் துண்டுகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லி அவனும் அழுதான். ஊர் முழுக்க உனக்காகப் பூசை கொடுக்கிறது. யாகப்பருக்கு ஒரு பங்கு, உனக்கு ஒரு பங்கு. எனக்கும் அரைப் பங்கு கேட்டிருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது.

அன்றும் மறுநாளும் இவருக்குக் காது கேட்கவில்லை. எனக்கு அது முதலில் தெரியாது. நோகிறதா என்றேன், "ஓம் ஓம்" என்றார். நோகவில்லையா என்றேன், "ஓம் ஓம்". பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் சிரித்துச் சிரித்து "ஓம், நல்லது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த "ஓம் ஓம்" நான் முன்பே கேட்டது. நத்தாருக்கு, போனில்.

இவருக்கு மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது. நான் உன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

தம்பி, எந்தக் காது?

அக்கா


ஸ்காபறோ
25.06.2025

என் அக்காவுக்கு,

அத்தான் சுகம் என்ற முதல் வரிக்காக உங்கள் காலைத் தொட வேண்டும். வசந்தினியும் நானும் அந்த வரியை வைத்துக்கொண்டு அழுதோம்.

வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காது, காதுக்குள் மெசின் வைத்தால், கதவு தட்டுவது மட்டும் கேட்கும். சித்திரையில் சத்திரசிகிச்சை செய்து பார்த்தார்கள், அதுதான் கடிதம் வராத காலம். சரிவரவில்லை.

போன கார்த்திகையில் நடந்தது. நாங்கள் செய்த பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டின இடத்தில் தகட்டில் உள்ள எண் தாங்குவதைவிடப் பெரிய ரான்ஸ்போமர் இருந்தது. அந்த விபரம் எங்களிடம் வந்து சேரவில்லை. கதவு பூட்டியிருக்கிறதுதானே என்று நான் பக்கத்துக்குப் போகாமல் கொஞ்சம் முன்னால் நின்றேன். சோட் வந்து வெடித்தபோது கதவின் விளிம்புதான் பட்டது. உயிர் தப்பினதே பெரிது, இது கடவுள் தந்த மிச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீங்கள் பகிடி விடுவதை நிறுத்திவிடுவீர்கள். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவமாக முகம் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒருவர்தான் குட்டு என்று தொடங்கினீர்கள்.

போனில் நீங்கள் பதிந்து அனுப்பின குரல்களை நான் அழிக்கவில்லை. போட்டுப் பார்ப்பேன். கேட்காது. ஆனால் அதில் ஒரு கோடு ஓடும், அக்கா. கதைக்கும்போது சின்னதாக ஓடும். நீங்கள் சிரிக்கிற இடத்தில் உயர எழும்பும். எல்லாவற்றிலும் அந்த இடம் எங்கே என்று எனக்குத் தெரியும்.

யாகப்பர் திருநாளுக்கு வருகிறோம். யூலை இருபதாம் தேதி இறங்குவோம். சனத்துக்கு நடுவில் எனக்குக் கொஞ்சம் பயம். யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் நிற்க வேண்டி வரும்.

லெனாட்


குருநகர்
13.07.2025

என் செல்லத் தம்பி,

தபாலில் போட்டால் இது கனடாவுக்குப் போகும்போது நீ குருநகரில் நண்டு கடித்துக்கொண்டிருப்பாய். அதனால் றெஜி போனில் படமெடுத்து அனுப்புவான், பெரிதாக்கிப் படி. சுகம் விசாரிக்க மாட்டேன், நேரில் வந்து காட்டு.

உன் கடிதத்தைப் படித்து நன்றாக அழுதேன். அது முடிந்துவிட்டது. நீ வரும்போது அழ என்னிடம் மிச்சம் இல்லை, குட்டு மட்டும்தான் இருக்கிறது. எட்டு மாதம் அக்காவிடம் ஒளித்ததற்கு இரண்டு.

புதுப் பனல் பெட்டி பூட்டியாகிவிட்டது. நீ எழுதின பியூஸும் வந்துவிட்டது. கதவில் புதுத் தகடு, இருபத்தைந்து என்று பளபளக்கிறது. அதன்மேல் யாரும் எதையும் ஒட்டக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம். இவர் தினமும் அந்தத் தகட்டைத் துடைக்கிறார். இனிப் பயமில்லை, முன்னால் நிற்கலாமே என்று சும்மா சீண்டிப் பார்த்தேன். "லெனாட் சொன்ன இடத்திலைதான் நிப்பன். சாகும்வரைக்கும் நிப்பன்" என்றார். எங்கள் மனிசன் சொன்னது இது, உவன் என்று ஏசினவர்.

சனத்துக்குப் பயப்படாதே. அத்தான் கோயில் வாசலில் நின்றும் வீடு வீடாகப் போயும் சொல்லிவிட்டார். யாரும் உன் முதுகுக்குப் பின்னால் நின்று கதைக்கக் கூடாது, கூட்டமாகக் கத்தக் கூடாது. நேரே வந்து, உன் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு அது கஷ்டம்தான், ஆனாலும் பழகுகிறார்கள். பக்ரறிச் சுவரில், யாகப்பருக்குக் கீழே, றெஜி பெயின்ரால் எழுதியும் வைத்துவிட்டான். வந்து பார்:

பனலுக்குப் பக்கத்தில் நில்.
லெனாட்டுக்கு முன்னால் நில்.

உன் முன்னால் நிற்கப்போகிற
அக்கா மக்டலீன்